அடி தெரியாத பூலுக்கு ஆள் எடுக்காதீங்க



கொஞ்சம் நீளமான பதிவு. பெருநாளைக்கு முதல் வாசிச்சா பிரயோசனம். பிறகு வாசிச்சா கைசேதம்தான் மிஞ்சும்.

போன ஹஜ்ஜுப் பெருநாள் மூணாம் நாள். நானும் ராத்தாவும் புள்ளைகளும் பக்கத்து வீட்டு மாமியும் ஒரு வீட்டுப் பூலுக்குப் போனோம். நம்மட ஊர்ல இப்ப இப்படி எத்தனையோ வீடு இரிக்கி. வளவுக்குள்ள ஒரு பூல், சுத்திவர தகரம், மணித்தியாலத்துக்கு இவ்வளவு என்று காசு. அஸருக்குப் பிறகு பொம்புளைகள் நேரம். தண்ணீர் இளம் பச்சையாக, பால் கலந்த மாதிரிக் கிடந்தது. "மருந்து போட்டிருக்கு, அதுதான் இந்தக் கலர்" என்று வாசலில் காசு வாங்கின தம்பி சொன்னார். நம்பினோம். இறங்கினோம்.

ராத்தாட மகனுக்கு ஆறு வயசு. கரையில இருந்தவனைக் கொஞ்ச நேரத்தில் காணல்ல. கழிவறையில தேடினோம், உடுப்பு மாத்துற அறையில தேடினோம். அவன் நாங்க நின்ற அதே தண்ணிக்குள்ளதான் கிடந்தான். நாலடித் தண்ணி. எங்க யாருக்கும் தெரியல்ல. ஒரு பெரிய புள்ளையின் காலில் தட்டுப்பட்டுத்தான் தூக்கினோம். இருமினான், வாந்தி எடுத்தான், அழுதான். அந்த அழுகையைப் போல ஒரு நல்ல சத்தத்தை நான் வாழ்நாளில் கேட்டதில்லை. ஆஸ்பத்திரியில ஒரு ராத்திரி வைத்துப் பார்த்து அனுப்பினாங்க. அல்ஹம்துலில்லாஹ்.

அடுத்த நாள் மச்சான் போய்ப் பூல்காரரிடம் கேட்டார். வந்த பதில் இதுதான்: "நான் என்ன செய்ய? குளோரின் அள்ளி அள்ளிக் கொட்டித்தான் இரிக்கி. பாசி போகுதில்ல."

இந்தப் பதிவு அந்தப் பதிலுக்குத்தான். அந்த மனுசனில் எனக்குக் கோபமில்லை, நல்ல மனுசன். ஆனா "கொட்டித்தான் இரிக்கி" என்பது பதிலே இல்லை. நான் கல்வியியல் கல்லூரியில விஞ்ஞானம் படிச்சு, பத்தாம் ஆண்டுப் புள்ளைகளுக்கு அதையே படிப்பிக்கிறவள். இது பத்தாம் ஆண்டுப் புள்ளைக்கு விளங்குற விசயம்.

பாசி வாழ வெளிச்சம், தண்ணீர், உரம் மூணும் போதும். வெயில் நம்மட ஊர்ல குறைவில்லை. உரம் எங்கேயிருந்து வருது? விழுகிற இலை, வேர்வை, சிறுநீர், பூந்தோட்டத்துப் பசளை. அதோட கிணத்துத் தண்ணியும். வீடும் வீடும் முட்டி நிற்கிற ஊர்ல, மலசலகூடக் குழிக்குப் பக்கத்துக் கிணத்தில நைத்திரேற்று இருக்க நிறைய இடமுண்டு. அந்தத் தண்ணியை இறைச்சுப் பூலை நிரப்பினா பாசிக்குச் சோறு போட்ட மாதிரித்தான்.

குளோரின் கொட்டியும் ஏன் போகுதில்ல?

முதல் காரணம் பீஎச். பாசியையும் கிருமியையும் கொல்றது ஹைப்போகுளோரஸ் அமிலம். பீஎச் 7.5 ஆக இருந்தா போட்ட குளோரினில் சரிபாதி அந்த வடிவத்தில் நிற்கும். 8 ஆகினா கால்வாசிதான். மிச்சம் தண்ணியில இருந்தும் பெரிசா வேலை செய்யாது. பூல் தண்ணி 7.2க்கும் 7.8க்கும் இடையில நிற்க வேணும். பீஎச் பாராம குளோரின் போடுறது உப்புப் பாராம கறிக்கு உப்புப் போடுறது மாதிரி.

இரண்டாவது காரணம் யாருக்கும் தெரியாது, ஆனா பிடிவாதப் பாசிக்கு இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேணும். கடையில விக்கிற வில்லைக் குளோரினுக்குள்ள சயனூரிக் அசிட் என்று ஒன்று சேர்ந்தே வருது. வெயிலில் குளோரின் அழியாம அது குடை மாதிரிப் பிடிக்கும். அளவோட இருந்தா நல்லது. 30 முதல் 50 பீபீஎம் போதும். ஆனா குளோரின் செலவாகும், சயனூரிக் அசிட் போகாது. ஒவ்வொரு 10 பீபீஎம் குளோரினுக்கும் சுமார் 6 பீபீஎம் இது தங்கிக்கொண்டே வரும். வருசக்கணக்கா வில்லை போட்ட பூலில் அது 100ஐத் தாண்டிப் போயிருக்கும். பிறகு அந்தக் குடை குளோரினை விடவே விடாது. டெஸ்ட் பண்ணினா குளோரின் இரிக்கி என்று காட்டும், பாசியோ சந்தோசமா வளரும். இதுக்கு நம்பகமான மருந்து கிடையாது. தண்ணியில ஒரு பங்கை வெளியேத்திப் புதுத் தண்ணி விடுறதுதான் வழி. மேலும் மேலும் வில்லை போடுறவர் தன்ட காசைப் போட்டுத் தன்ட பூலைக் கெடுக்கிறார்.

மூணாவது காரணம் பிரஷ். பாசி தனக்கு மேல் ஒரு வழுவழுப்பான போர்வையைப் போத்திக்கொண்டு சுவரில ஒட்டி நிற்கும். தேய்க்காம ஊத்தினா குளோரின் போர்வைக்கு மேலால போகும். நிழல் பக்கச் சுவரில மஞ்சள் மண் தூள் மாதிரிப் படியிறது ஒரு இனம். தொட்டா கலையும், மூணு நாளில திரும்ப வரும். அது ஏணியிலும் பந்திலும் மிதவையிலும் கூட ஒளிஞ்சு நிற்கும், அவற்றையும் சேர்த்துக் கழுவணும். டைல் இடுக்கில கறுப்புப் புள்ளியாக நிற்கிறது இன்னொரு இனம். அதுட பிடி சீமெந்துக்குள்ள இறங்கி இருக்கும். சீமெந்துச் சுவரென்றா இரும்புப் பிரஷால தலையைக் கிளப்பின பிறகுதான் மருந்து உள்ளே போகும். அதுக்கு மேலால நீலப் பெயின்ட் அடிச்ச வீடும் எனக்குத் தெரியும். பெயின்ட் இரண்டு மாசத்தில உரிஞ்சிச்சு.

நாலாவது காரணம் கரண்ட் பில். பில்டர் மோட்டரை ஆள் வாற நேரம் மட்டும் போடுறாங்க. குளோரின் பாசியைக் கொல்லும், ஆனா தூக்கி வெளியில போடாது. செத்த பாசி சாம்பல் கலரா, பால் மாதிரித் தண்ணியில மிதக்கும். அதை எடுக்கிறது பில்டர்தான். நாங்க இறங்கின தண்ணி அந்தத் தண்ணி.

சரி, செய்ய வேண்டியது என்ன?

முதல்ல பூலை மூடுங்க. இலை குப்பையை அள்ளுங்க. தண்ணியை டெஸ்ட் பண்ணுங்க. பீஎச்சை 7.2 அளவுக்கு இறக்குங்க. முழுச் சுவரையும் படியையும் மூலையையும் தேயுங்க. வெயில் இறங்கின பிறகு குளோரின் போடுங்க. பகலில், குடையில்லாத தண்ணியில, ஒரு மணித்தியாலத்துக்குள்ளேயே பாதிக்கு மேல் வெயிலோட போயிரும்.

எவ்வளவு? கண்மதிப்பில் அள்ள வேண்டாம். 20 அடி நீளம், 10 அடி அகலம், சராசரி 4 அடி ஆழமென்றால் 800 கன அடி. சுமார் 22,600 லீற்றர். அதில 10 பீபீஎம் குளோரின் வர 226 கிராம் குளோரின் தேவை. 65 வீதக் கல்சியம் ஹைப்போகுளோரைட் என்றால் சுமார் 350 கிராம். நல்லாப் பச்சையான தண்ணிக்கு இதைப் போல இரண்டு மூணு மடங்கு தேவைப்படும். இந்த வகையில சயனூரிக் அசிட் இல்லை, அதனால பாசி அடிக்கிற வேலைக்கு இதுதான் பொருத்தம். பாசி செத்துத் தண்ணி தெளியும் வரைக்கும் மோட்டர் இரவும் பகலும் ஓட வேணும். பில்டர் மீட்டரில அழுத்தம் சுத்தமான நாளைவிட 8, 10 பீஎஸ்ஐ கூடினா உடனே பேக்வாஷ். தினமும் ஒருக்காத் தேய்ப்பு. பிறகும் மங்கல் போகாட்டி படிகாரம் போட்டு, மோட்டரை நிறுத்தி, அடியில படியவிட்டு, அந்தப் படிவைப் பில்டருக்குள்ள விடாம நேரே வெளியில உறிஞ்சி எடுங்க. இரண்டு நாளிலும் முடியலாம், ஒரு கிழமையும் எடுக்கலாம். குளோரின் 4 பீபீஎம்முக்குள்ள இறங்கி, அடியில தண்ணி உறிஞ்சுற மூடி தெளிவாத் தெரிஞ்ச பிறகுதான் ஆள் இறங்கலாம்.

உயிரோட விளையாடுற மூணு விசயம். பாத்ரூம் அசிட்டையும் குளோரினையும் ஒரே வாளியில கலக்காதீங்க, வாறது நச்சு வாயு. வில்லைக் குளோரினையும் கல்சியம் குளோரினையும் ஒன்றோடொன்று கலக்காதீங்க, ஒரே கரண்டியால கூட அள்ளாதீங்க, தீப்பிடிக்கும், வெடிக்கும். மருந்துக்கு மேல தண்ணி ஊத்தாதீங்க, தண்ணிக்குள்ளதான் மருந்து.

துத்தம் போடுறவங்களுக்கும் ஒரு வார்த்தை. செப்பு பாசியைக் கொல்லும், உண்மை. ஆனா அளவு பிழைச்சா சுவரில கறை பிடிக்கும், அந்தத் தண்ணியை வாய்க்காலில் திறந்துவிட்டா மீனையும் கொல்லும். அது தண்ணிக்கு அழகான நீலக் கலர் தரும் என்றுதான் சிலர் போடுறாங்க. கலரைப் பார்த்து நாங்களும் "மாஷா அல்லாஹ், சுத்தம்" என்கிறோம். நீலம் வேற, தெளிவு வேற.

இனி எனக்கு வரப்போகிற கேள்விகள்.

"நாங்க சின்ன வயசில குளத்தில குளிக்கல்லையா? குளம் பச்சை இல்லையா? செத்தா போனம்?" காக்கா, குளத்தில எத்தனை கோடி லீற்றர் தண்ணி, எத்தனை மீன், எத்தனை செடி, எவ்வளவு ஓட்டம். உங்கட பூல் 22,600 லீற்றர், ஒரு பெருநாளில நூறு பேர். கணக்கு ஒன்றா? அதோட, குளத்தில செத்தவங்க இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வரமாட்டாங்க. நம்மட ஊர்ல அப்படிப் புள்ளையைப் பறிகொடுத்த உம்மாமார் இல்லையா?

"குளோரின் கூடினதால கண் சிவக்குது, அதால குறைச்சுப் போடுறம்." பிழை. மூக்கைத் துளைக்கிற அந்த வாசனை வேர்வையும் சிறுநீரும் குளோரினோட சேர்ந்து வாறது. கண்ணை எரிக்கிறதும் பெரும்பாலும் அதுதான். தேங்கி நிற்கிற தண்ணியில சிறுநீர் கழிக்கிறதை நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் தடுத்தது நம்மட மதரஸாப் புள்ளைக்கும் தெரியும். இறங்க முதல் புள்ளையைக் கழிவறைக்குக் கூட்டிப்போய், குளிப்பாட்டி இறக்க எத்தனை உம்மாமார் மெனக்கெடுறோம்? இந்தப் பிழை எங்கட பக்கம். என்ட பக்கமும்தான்.

"டீச்சர், மருந்து விலை, கரண்ட் விலை தெரியுமா?" தெரியும். எனக்கும் பில் வருது. கட்டுப்படி ஆகாட்டி காசைக் கூட்டுங்க, தாறோம். ஆள் கணக்கைக் குறையுங்க. அதுவும் ஏலாட்டி பச்சையான கிழமை மூடி வைங்க. ஓட்டக்காரர் பிரேக் இல்லாத வேனில நம்மட புள்ளைகளை ஏத்திக்கொண்டு "டயர் விலை கூடிட்டு" என்றால் ஏத்துக்கொள்வோமா?

மூடி வைக்கிறதென்றா கைவிடுறதும் இல்லை. மருந்தில்லாமத் தேங்கின பூல் நுளம்புத் தொட்டி. 2017ல இந்த நாட்டில 1,80,000க்கு மேல் டெங்கு நோயாளிகள். நுளம்பு பெருக விடுறதுக்கு எதிரா 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டமே இரிக்கி. பீ.எச்.ஐ வந்த பிறகு வெட்கப்படுறதைவிட முதலே பார்த்துக்கொள்றது நல்லது.

ஒன்றைத் தெளிவாச் சொல்றேன். இந்தப் பூல்களை மூடச் சொல்லி நான் எழுதல்ல. நம்மட பொம்புளைப் புள்ளைகள் பர்தா பேணி நீந்தப் பழக வேற இடம் எங்கே இரிக்கி? 2004 டிசம்பர் 26ஐக் கண்ட கடலோர ஊர் நாங்க. நீச்சல் தெரிஞ்சிருந்தா எல்லாரும் தப்பியிருப்பாங்க என்று சொல்ல மாட்டேன். ஆனா கடலைப் பார்த்துக்கொண்டு வளர்ற புள்ளைக்குத் தண்ணி பழக்கம் வேணும் என்பதில் சந்தேகமில்லை. அந்த நல்ல காரியத்தை ஒரு மய்யித்தோட முடிச்சுக்கொள்ளக் கூடாது என்றுதான் எழுதுறேன்.

பொம்புளைகள் நேரத்தில இன்னுமொரு ஓட்டை இரிக்கி. ஆம்புளைகள் உள்ளே வர ஏலாது, சரி. அப்ப கரையில நின்று பார்க்கிறது யார்? யாருமில்லை. நீந்தத் தெரிஞ்ச ஒரு சகோதரியைச் சம்பளத்துக்கு நிறுத்துங்க. தெளிவான தண்ணியும் பார்க்கிற கண்ணும் சேர்ந்தாத்தான் பாதுகாப்பு.

உம்மாமாரே, வாப்பாமாரே, இந்தப் பெருநாளைக்குக் காசு குடுக்க முதல் நாலு விசயம் பாருங்க. கரையில நின்றா ஆழமான இடத்துட அடி தெரியுதா? இன்றைக்குப் பார்த்த பீஎச்சும் குளோரினும் ஒரு கொப்பியில எழுதியிருக்கா? மோட்டர் ஓடுற சத்தம் கேக்குதா? கரையில பார்க்க ஆள் நிற்குதா? ஒன்றுக்கு இல்லை என்றாலும் திரும்பி வாங்க. புள்ளை அழும். அழட்டும். வீட்டு வளவில பைப்பைத் திறந்து நனையட்டும்.

பூல்காரச் சகோதரர்களே, டெஸ்ட் பண்ணத் தெரியாட்டி வெட்கமில்லை, கேளுங்க. ஒரு சனிக்கிழமை என்ட புள்ளைகளோட வந்து, உங்கட தண்ணியை அளந்து, பக்கத்தில இருந்து சொல்லித் தாறேன். காசு வேணாம். பத்தாம் ஆண்டுக்கு அது ஒரு நல்ல செய்முறைப் பாடம்.

ராத்தாட மகன் இப்பவும் தலையில தண்ணி ஊத்தினா பயந்து கத்துறான். தெளிஞ்ச பூல் ஒன்று காட்டுங்க, நானே அவனைக் கூட்டிவந்து கையைப் பிடிச்சு இறக்குவேன், இன்ஷா அல்லாஹ்.

பிழை இருந்தா கொமன்ட்டில திருத்துங்க. யார்ட பூல் என்று மட்டும் கேக்க வேணாம், நான் சொல்ல மாட்டேன். உங்கட பூலாகவும் இருக்கலாம் என்று நினைச்சு, நாளைக் காலையில எழும்பி அடி தெரியுதா என்று ஒருக்காப் பாருங்க.

வஸ்ஸலாம்.