ஊர் விலக்கியவன் திரும்புகிறான்

ராகம், தாளம் என்று பழகிய காதுக்கு மெட்டல் இசை முதலில் லாரி கவிழ்ந்த சத்தம் போலத்தான் இருக்கும். கொஞ்சம் பொறுத்துக்கொண்டால் உள்ளே ஒரு கதை கிடைக்கலாம்.

ஸ்வீடனின் ஓபெத் குழு 1999-ல் வெளியிட்ட 'ஸ்டில் லைஃப்' அப்படிப்பட்ட ஆல்பம். ஏழு பாடல்கள், சுமார் ஒரு மணி நேரம், ஒரே கதை. ஊரார் நம்பும் மதத்தை நம்பாததால் விரட்டப்பட்ட ஒருவன் பல வருடம் கழித்துத் திரும்பி வருகிறான். காரணம் ஊர்ப் பாசமல்ல, மெலிண்டா. அவளோ வேறிடத்தில் வாக்குக் கொடுத்துவிட்டவள். விஷயம் ஊர்ப் பெரிய மனிதர்களுக்கு எட்டுகிறது. மெலிண்டா கொல்லப்படுகிறாள். வெறிகொண்ட அவன் கண்டவரையெல்லாம் வெட்டிச் சாய்க்கிறான். கடைசியில் தூக்குக் கயிறு.

நம் சினிமாவில் பார்க்காத கதையா என்று கேட்கலாம். விசேஷம் சொல்லும் விதத்தில் இருக்கிறது. பாடல்களை எழுதிப் பாடும் மிக்கேல் ஓக்கெர்ஃபெல்டுக்கு இரண்டு குரல்கள். ஒன்று அடிவயிற்று உறுமல். மற்றது தாலாட்டுக்கு ஏற்ற மென்மை. 'பினைட்டட்' பாடலில் உறுமலே கிடையாது. 'ஃபேஸ் ஆஃப் மெலிண்டா' ஜாஸ் போல மெல்லத் தொடங்கி, கனத்த கிதார்களுக்குப் போகிறது. காதலிப்பவனும் கொலை செய்பவனும் ஒரே ஆள்தான் என்பது, வார்த்தை புரியாதவருக்கும் குரலிலேயே புரிந்துவிடும்.

மதத்தைத் திட்டும் இசை என்று இதை ஒதுக்குவது எளிது. ஆனால் இந்தக் கதையில் கடவுள் யாரையும் தண்டிக்கவில்லை. விரட்டுவதும் கொல்வதும் கயிறு மாட்டுவதும் அவர் பெயரைச் சொல்லும் மனிதர்கள். நம்பாதவனும் உத்தமனல்ல, அவன் கையிலும் ரத்தம். மெலிண்டாவுக்கு என்ன வேண்டும் என்று ஊர் கேட்கவில்லை. அவனும் அதிகம் கேட்டதாகத் தெரியவில்லை. ஆல்பத்தின் குறை என்றால் அதுதான்.

கதை நடப்பது பழங்கால ஐரோப்பாவில். ஆனால் ஊர்விலக்கம் நமக்கு அந்நியமானதல்ல. அதைக் குற்றமாக்க மகாராஷ்டிர சட்டசபை 2016-ல் தனிச் சட்டமே நிறைவேற்ற வேண்டியிருந்தது. 2009-ல் சென்னை ஐ.ஐ.டி.யின் 'சாரங்' விழாவில் ஓபெத் வாசித்தபோது நம் இளைஞர்கள் தலையாட்டியது வெறும் சத்தத்துக்காக மட்டும் இருக்காது.

கேட்கத் துணிபவர்கள் 'பினைட்டட்'டில் ஆரம்பியுங்கள். உறுமலுக்குப் பிறகு போகலாம்.