தமிழ் என்ன பாவம் செய்தது?

"பையன் வீட்டில் தமிழே பேசுகிறான், அதனால்தான் இங்கிலீஷில் வெர்ப் எல்லாம் தப்பாக வருகிறது." எங்கள் தொண்டாமுத்தூர்ப் பக்கம் பெற்றோர் கூட்டத்துக்குப் போகிறவர்கள் பலரும் இந்தத் தீர்ப்போடுதான் திரும்புகிறார்கள். ஒரு பள்ளியில் தமிழில் பேசினால் அபராதம் வேறு. இது சுத்த அபாண்டம் என்கிறேன்.

அடிக்கடி வரும் தப்பையே எடுத்துக்கொள்வோம். 'ஐ டிட் நாட் வென்ட்'. 'நான் போனேன்' என்பதை மறுக்க 'போனேனில்லை' என்றா சொல்கிறோம்? 'போகவில்லை' என்கிறோம். 'போனேன்' என்பதில் இருந்த காலமும் ஆளும் கழன்று, வெறும் 'போக' மிஞ்சுகிறது. இங்கிலீஷ்காரனும் அதையேதான் செய்கிறான். காலத்தை 'டிட்' வாங்கிக்கொண்டதும் 'வென்ட்' மறுபடி 'கோ' ஆகிவிடுகிறது. தமிழில் யோசித்த பிள்ளை இதில் தப்பவே முடியாது. பக்கத்து வீட்டு ஒன்பதாம் வகுப்புப் பையனிடம் இதைச் சொன்னேன். "இவ்வளவுதானுங்களா தாத்தா? மிஸ்ஸு, டிட் வந்தா வி-ஒன் போடுன்னு மனப்பாடம் பண்ணச் சொன்னாங்க" என்றான். வி-ஒன், வி-டூ, வி-த்ரீ! ஏதோ ராக்கெட் பெயர் மாதிரி.

'ஐ ஹேவ் சீன் ஹிம் எஸ்டர்டே' அடுத்தது. நான் புதுச்சேரியில் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன். பிரெஞ்சில் 'ஜ லே வ்யூ இயேர்' என்பது சரியான வாக்கியம். வார்த்தைக்கு வார்த்தை மாற்றினால் அந்தத் தப்பு இங்கிலீஷ்தான் வரும். ஆக, பிரெஞ்சு படித்தவனுக்குச் சறுக்க நியாயமான காரணம் உண்டு. தமிழனுக்கு ஏது? 'நேற்று பார்த்தேன்', 'முன்பே பார்த்திருக்கிறேன்' என்று நம் வீட்டுக் கிழவிகூடப் பிரித்துத்தான் பேசுகிறாள்.

ஆளுக்கேற்ற விகுதியும் நமக்குப் புதிதல்ல. போகிறேன், போகிறாய், போகிறான், போகிறாள், போகிறது என்று மூச்சுவிடாமல் மாற்றுகிற குழந்தைக்கு 'ஹீ கோஸ்' என்ற ஒரே ஓர் 'எஸ்' பாரமா? பிரெஞ்சில் 'பார்லே' என்ற வினைக்கு நிகழ்காலத்தில் ஆறு இடம். அதில் நான்கு காதுக்கு ஒரே மாதிரி கேட்கும், எழுத்தில்தான் வேறுபாடு. அந்த வதையெல்லாம் இங்கே இல்லை.

தமிழ் காலை வாரும் இடமும் உண்டு, மறைக்கவில்லை. 'எல்லாரும் வந்தார்கள்' என்று பன்மையில் சொல்லிப் பழகியதால் 'எவ்ரிபடி ஹேவ் கம்' என்று எழுதிவிடுவார்கள். 'என்னிடம் வண்டி இருக்கிறது' என்பது 'ஐ ஆம் ஹேவிங்' ஆகிவிடும். அந்த இடங்களை ஆசிரியர் தமிழ் வாக்கியத்தைப் பக்கத்தில் எழுதிக் காட்டித்தான் விளக்க முடியும். தமிழையே வாயில் எடுக்காதே என்றால் எப்படிக் காட்டுவது?

இத்தாலியில் பிறந்த வீரமாமுனிவர் தமிழ் இலக்கணத்தை லத்தீனில் எழுதினார். 1738இல் தரங்கம்பாடியில் அச்சானது. பாதிரிமார்கள் அறிந்த மொழி வழியாக அறியாத மொழிக்குப் போனார்கள். யாரும் அபராதம் போடவில்லை.

ஆகவே பெற்றோரே, கோடிட்ட இடத்தை நிரப்பும் முன் அதே வாக்கியத்தைத் தமிழில் ஒரு முறை பிள்ளையைச் சொல்லச் சொல்லுங்கள். பள்ளியில் அபராதம் கேட்டால் கொடுத்துவிட்டு ரசீது கேளுங்கள். முப்பது வருஷம் குமாஸ்தா வேலை பார்த்தவன் சொல்கிறேன், ரசீது தரமாட்டார்கள்.