டோக்கியோவில் மழலையர் டீச்சர்: விளம்பரம் சொல்லாத பாதி வேலை

டோக்கியோவிலோ யோகொஹாமாவிலோ உள்ள 'இன்டர்நேஷனல் பிரீஸ்கூல்' ஒன்றின் ஆள்தேடும் விளம்பரத்தை எடுத்துப் பாருங்கள். பட்டப்படிப்பு வேண்டும், ஆங்கிலம் சரளமாக வர வேண்டும், குழந்தைகள் என்றால் பிடிக்க வேண்டும். அதற்கு மேல் பெரிதாக எதுவும் கேட்டிருக்க மாட்டார்கள். படிப்பவர் மனதில் பாட்டு, கதைப்புத்தகம், வண்ணப் பென்சில் என்று ஒரு படம் ஓடும். சேர்ந்த முதல் வாரத்திலேயே அந்தப் படம் மாறிவிடும். டயபர் மாற்றுவது, மூக்கு துடைப்பது, சோறு ஊட்டுவது, தூங்குகிற பிள்ளை சரியாக மூச்சு விடுகிறதா என்று குனிந்து பார்ப்பது, ஓயாமல் தலை எண்ணுவது என்றே நாளின் பெரும்பகுதி போய்விடும். "டீச்சர் வேலை என்று கூப்பிட்டு ஆயா வேலை பார்க்க வைக்கிறார்கள்" என்று பலர் குமுறுகிறார்கள். டோக்கியோவின் நிஷிகசாய் பக்கம் குடியிருக்கும் நம்மவர் வீடுகளிலிருந்தும் இந்த வேலைக்குப் போகிறவர்கள் உண்டு. குமுறலில் எவ்வளவு நியாயம் என்று பார்க்க, அங்குள்ள ஏற்பாட்டைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஜப்பானில் பள்ளி வயதுக்கு முன் பிள்ளைகள் போகிற இடங்கள் வெகுகாலமாக இரண்டு வகை. ஒன்று யோச்சியென். மூன்று வயதிலிருந்து சேர்ப்பார்கள், கல்வி அமைச்சகத்தின் கீழ் வரும், பாடவேளை நாளுக்கு 4 மணி நேரம்தான். மற்றொன்று ஹொய்குயென். வேலைக்குப் போகும் பெற்றோருக்காக ஏற்பட்டது, கைக்குழந்தையைக்கூட எடுத்துக்கொள்வார்கள். 2023 ஏப்ரலிலிருந்து குழந்தைகள், குடும்பங்களுக்கான புதிய முகமை இதைக் கவனிக்கிறது. இரண்டையும் சேர்த்த கலப்பு வகை 2006இல் வந்தது. வெளிநாட்டு டீச்சர்களில் பெரும்பாலோர் போய்ச் சேருவது இவற்றில் எதிலும் இல்லை. 'நின்காகாய்' எனப்படும், அரசின் முழு அங்கீகாரத்துக்கு வெளியே நிற்கும் நிலையங்களில்தான்.

அங்கீகாரம் இல்லை என்றதும் நம் ஊர்ச் செய்தித்தாள் படித்துப் பழகியவருக்கு வயிற்றைக் கலக்கும். அப்படிப் பயப்பட ஒன்றுமில்லை. உள்ளாட்சி நிர்வாகத்திடம் பதிவு செய்து, சோதனைக்கு உட்பட்டே இவை நடக்கின்றன. கட்டணத்தையும் பாடத்திட்டத்தையும் தாங்களே வைத்துக்கொள்ளும் சுதந்திரம் இருக்கிறது, அதனால்தான் நாள் முழுக்க ஆங்கிலம் என்று நடத்த முடிகிறது. 2019 அக்டோபரில் 3 முதல் 5 வயது வரையிலான பிள்ளைகளுக்குக் கட்டணச் சலுகை வந்தபோது, இந்த நிலையங்களில் படிப்போருக்கும் மாதம் 37,000 யென் வரை உதவி கிடைத்தது. தாயும் தந்தையும் வேலைக்குப் போகிறவர்கள் என்று உள்ளாட்சி சான்றளித்தால் அந்தப் பணம் வரும்.

சிக்கல் பணியாளர் விதியில் இருக்கிறது. இத்தகைய நிலையங்களில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் ஹொய்குஷி தகுதியோ செவிலியர் தகுதியோ பெற்றிருக்க வேண்டும். ஹொய்குஷி என்பது குழந்தைப் பராமரிப்புக்கான அரசுத் தகுதி. 2003இலிருந்து தகுதி பெறாதவர் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளக்கூட முடியாது. தேர்வு ஜப்பானிய மொழியில். எழுத்துத் தேர்வில் மட்டும் ஒன்பது பாடங்கள், பிறகு செய்முறை. ஆகவே சென்னையிலோ மணிலாவிலோ மழலையர் கல்வி முறையாகப் படித்துவிட்டு வந்தவரும் அங்கே மீதி இரண்டு பங்கில்தான் சேர்கிறார். காகிதத்தில் அவர் தகுதி இல்லாத துணையாள். கட்டணம் கட்டும் பெற்றோருக்கோ அவர் முகத்தைப் பார்த்துத்தான் அந்தப் பள்ளியே பிடித்திருக்கும்.

விசா இன்னொரு முடிச்சைப் போடுகிறது. முதியோர் பராமரிப்புக்கு 'கைகோ' என்று தனி விசா 2017இலிருந்து உண்டு. குழந்தைப் பராமரிப்புக்கு அப்படி ஒன்று கிடையாது. மொழி கற்பிப்பவர் என்ற கணக்கில், மனிதவியல், சர்வதேசச் சேவைகளுக்கான விசாவில்தான் இவர்கள் வருகிறார்கள். அதனால் விளம்பரமும் ஒப்பந்தமும் ஆங்கிலம் கற்பிப்பதையே பேசுகின்றன. கணவரின் வேலையை ஒட்டிக் குடும்ப விசாவில் இருப்பவர் வேறு. அவர் தனி அனுமதி வாங்கிக்கொண்டு வாரத்துக்கு 28 மணி நேரம் வரை வேலை செய்யலாம். இரண்டு இடங்களில் வேலை பார்த்தாலும் மொத்தமே 28 மணி நேரம்தான். இடத்துக்கு 28 என்று எண்ணிக்கொள்பவர்கள் விசா புதுப்பிக்கும்போது மாட்டிக்கொள்வார்கள்.

ஜப்பானில் மழலையர் பள்ளி என்ற ஏற்பாடே ஒரு வெளிநாட்டுப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கப் பழகியது என்பதை இங்கே சொல்ல வேண்டும். 1876இல் டோக்கியோ மகளிர் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியோடு சேர்த்து நாட்டின் முதல் அரசு மழலையர் பள்ளியைத் திறந்தபோது, ஃப்ரோபெல் என்ற கல்வியாளரின் மழலையர் கல்வி முறையைக் கற்றுக்கொடுத்தவர் கிளாரா மத்சுனோ என்ற ஜெர்மானியர். ஜெர்மனியில் வனவியல் படித்த ஜப்பானியர் ஒருவரை மணந்து வந்தவர். மொழி தெரியாத ஊரில் பிள்ளைகள் நடுவே நின்ற முதல் டீச்சர் என்று அவரைச் சொல்லலாம். அவரை யாரும் துணையாள் என்று எழுதியிருக்க மாட்டார்கள்.

இனி வகுப்புக்குள் போவோம். காலையில் பிள்ளை வாசலில் செருப்பை மாற்றி, உள்ளே மட்டும் போடும் உவாபாகியைப் போட்டுக்கொள்கிறது. கூடவே ஒரு நோட்டு வரும், இப்போது பல இடங்களில் செல்போன் செயலி. காலை உடல் வெப்பம், இரவு எத்தனை மணிக்குத் தூங்கியது, என்ன சாப்பிட்டது, வயிறு சரியாகப் போனதா என்று அம்மா எழுதியிருப்பார். மாலைக்குள் பள்ளி தன் பங்கை எழுதித் திருப்பித் தர வேண்டும். வெப்பம் 37.5 டிகிரி தொட்டுவிட்டால் அம்மாவின் அலுவலகத்துக்கு போன் போகும்.

பத்து மணி வாக்கில் பூங்காவுக்கு நடை. சின்னவர்களைச் சக்கரம் வைத்த கம்பிக்கூண்டு வண்டியில் நிற்க வைத்துத் தள்ளிக்கொண்டு போவார்கள், பெரியவர்கள் இருவர் இருவராகக் கைகோத்து வருவார்கள், வகுப்புக்கு ஒரு நிறத்தில் தொப்பி. கிளம்பும்போது எண்ணுவது, சாலை கடந்ததும் எண்ணுவது, பூங்காவில் எண்ணுவது, திரும்பும்போது எண்ணுவது. இது வெறும் சடங்கு என்று நினைக்கும் புதியவருக்கு ஒரு சம்பவம் போதும். 2022 செப்டம்பரில் ஷிசுவோகா மாவட்டத்தில் மழலையர் பள்ளி பஸ்ஸுக்குள் விடப்பட்ட மூன்று வயதுச் சிறுமி வெயிலில் இறந்துபோனாள். இறங்கியவர்களை எண்ணியிருந்தால் தெரிந்திருக்கும். அடுத்த ஏப்ரலிலிருந்து இத்தகைய பஸ்களில் எச்சரிக்கைக் கருவி கட்டாயமானது. நிலநடுக்கத்துக்கும் தீ விபத்துக்கும் மாதம் ஒரு முறையாவது தப்பிக்கும் பயிற்சி நடக்கும்; அன்றும் எண்ணிக்கைதான் முதல் வேலை. மதியத் தூக்கத்தில் கைக்குழந்தைகளை ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை பார்த்து, மூச்சும் படுத்திருக்கும் விதமும் குறித்துவைப்பது வழக்கம். குப்புறப் படுத்திருந்தால் மெல்லத் திருப்பிவிட வேண்டும். இருட்டிய அறையில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதும் வேலை நேரம்தான்.

வெளியூரிலிருந்து வந்தவருக்கு உண்மையில் பிடிபடாத இடம் வேறு. ஒன்றரை, இரண்டு வயதில் பிள்ளைகள் கடிப்பது சகஜம். பொம்மை ரயிலை இருவர் இழுக்கிறார்கள், ஒருவன் மற்றவன் கையில் பல்லைப் பதித்துவிடுகிறான். உடனே குளிர்ந்த துணி வைக்கிறார்கள், நேரம், இடம், யார் அருகில் இருந்தார் என்றெல்லாம் எழுதிக்கொள்கிறார்கள். மாலையில் அம்மா வந்ததும் வாசலிலேயே டீச்சர் தலை தாழ்த்தி மன்னிப்புக் கேட்கிறார். நம் ஊரில் அடுத்து வரும் கேள்வி "யார் கடிச்சா?" என்பதுதான். அங்கே பெரும்பாலும் அந்தப் பெயரைச் சொல்லவே மாட்டார்கள். "நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தபோது நடந்தது, தடுக்க முடியவில்லை, மன்னிக்க வேண்டும்" என்பதோடு சரி. 'நான் அந்தப் பக்கமே இல்லை, நான் ஏன் மன்னிப்புக் கேட்க வேண்டும்?' என்று புதியவர் முகம் சிவக்கும். அந்த மன்னிப்பு குற்றத்தை ஒப்புக்கொள்வது இல்லை. தினமும் ஒரே வாசலில் சந்திக்கிற இரண்டு தாய்மார்கள் முகம் கொடுத்துப் பேச முடியாமல் போகக்கூடாது என்பதற்காகப் பள்ளி சுமக்கிற சுமை அது. நம் ஊர்ப் பள்ளிகளும் இதைக் கொஞ்சம் எடுத்துக்கொள்ளலாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இதில் ஆங்கிலம் எங்கே என்று கேட்கலாம். வட்டமாக உட்கார வைத்து அட்டையைக் காட்டி ஆப்பிள் சொல்லவைக்கும் அந்த இருபது நிமிடத்தில் அதிகம் நடப்பதில்லை. குழாயடியில் கையை நீட்டு, தண்ணீரை மூடு, சாக்ஸைக் கழற்று, இன்னும் ஒரு வாய் என்று ஒரு நாளில் ஐம்பது தடவை அதே மாதிரிச் சொல்வதில்தான் மொழி உள்ளே இறங்குகிறது. பிள்ளை ஜப்பானிய மொழியில் பதில் சொல்லும், ஆனால் ஆங்கிலத்தில் சொன்னதைப் புரிந்துகொண்டு செய்யும். டயபர் மேசையும் சாப்பாட்டு மேசையும்தான் அங்கே வகுப்பறை. எனவே 'ஆயா வேலை' என்ற குமுறலை நான் பாதிதான் ஏற்பேன். செய்கிற வேலையில் குறை இல்லை. அதை ஒப்பந்தத்தில் எழுதாமல், பயிற்சியும் கொடுக்காமல், மொழி டீச்சர் சம்பளத்துக்குள் மறைத்துவிடுவதுதான் குறை. எத்தனை பிள்ளைக்கு எத்தனை பேர், ஹொய்குஷி ஒருவர் எப்போதும் வகுப்பில் இருப்பாரா, வலிப்போ ஒவ்வாமையோ வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று யார் சொல்லித்தருவார்கள் என்பதைச் சேருவதற்கு முன்பே கேட்கலாம். கேட்டதற்காக வேலையை மறுக்கிற இடம் போகத் தகுந்த இடமே இல்லை.

சம்பளக் கணக்கிலும் இதே மங்கல் உண்டு. முழுநேர வேலைக்கு மாதம் இரண்டரை லட்சம் யென்னை ஒட்டித்தான் பல விளம்பரங்கள் பேசும். வாரத்துக்கு 29.5 மணி நேரம் என்று ஒரு விசித்திர எண் ஒப்பந்தத்தில் இருந்தால் கவனியுங்கள். வழக்கமான 40 மணி நேரத்தில் முக்கால் பங்கு, அதாவது 30 மணி நேரம் வந்துவிட்டால் முதலாளி மருத்துவக் காப்பீட்டிலும் ஓய்வூதியத்திலும் தன் பங்கைக் கட்ட வேண்டும். அதைத் தவிர்க்க வந்த அரை மணி நேரம் அது. 2024 அக்டோபரிலிருந்து 51 பேரோ அதற்கு மேலோ காப்பீட்டில் உள்ள நிறுவனங்களில் 20 மணி நேரத்துக்கே இது பொருந்தும் என்று ஆகிவிட்டதால், இந்தச் சாமர்த்தியம் இனி சிறிய நிறுவனங்களில்தான் எடுபடும். உள்ளூர் வரி இன்னொன்று. முந்தைய ஆண்டு வருமானத்தின் மீது விதிப்பதால் முதல் ஆண்டு வராது. இரண்டாம் ஆண்டு ஜூனில் சம்பளம் திடீரென்று குறைந்ததைப் பார்த்துப் பள்ளியோடு சண்டைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

ஓய்வூதியமாகப் பிடித்த பணம் முழுவதும் வீணாகாது. 6 மாதமாவது கட்டியவர் நாட்டைவிட்டுப் போன பிறகு 2 ஆண்டுக்குள் மனு செய்தால் ஒரு தொகையை மொத்தமாகத் திரும்பப் பெறலாம். இப்போதைய விதிப்படி எவ்வளவு காலம் கட்டியிருந்தாலும் 5 ஆண்டுக்கு உரிய தொகைதான் உச்சம். ஆனால் இந்தியர்கள் அவசரப்பட்டு மனுவை நிரப்ப வேண்டாம். 2016 அக்டோபரிலிருந்து இரு நாடுகளுக்கும் இடையே சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் இருக்கிறது. ஜப்பானில் முதுமை ஓய்வூதியம் பெற 10 ஆண்டு தேவை. இந்தியாவில் வேலை பார்த்துக் கட்டிய காலத்தையும் அந்தப் பத்துக்குச் சேர்த்துக்கொள்ள இந்த ஒப்பந்தம் வழி செய்கிறது. மொத்தத் தொகையைக் கையில் வாங்கிக்கொண்டால் ஜப்பானில் கட்டிய காலம் அந்தக் கணக்கிலிருந்து போய்விடும். மறுபடி அங்கே வேலைக்குப் போகும் எண்ணம் இருப்பவர் இரண்டையும் கூட்டிப் பார்த்துவிட்டு மனு போடட்டும். யோசிக்கத்தான் 2 ஆண்டு அவகாசம் இருக்கிறதே.