காய்ச்சல் என்றாலே கிருமியா?

மூளை ஆபரேஷன் முடிந்த மறுநாள் உடம்பு சுட்டால் போதும், ஐசியூ வாசலில் தீர்ப்பு தயார்: "உள்ளே சீழ் பிடிச்சிருச்சு. தியேட்டர் சுத்தமில்ல." கூடவே ஒரு கோரிக்கை: "இன்னும் பெரிய ஆண்டிபயாடிக்கா போடச் சொல்லுங்க." காய்ச்சல் என்றால் கிருமி, கிருமி என்றால் யாரோ செய்த தவறு. படித்தவர்களும் போடுகிற கணக்குதான் இது. கணக்கு தப்பு.

1885-இல் பெர்லினில் ஆரன்சோன், சாக்ஸ் என்ற இருவர் முயலின் மூளையில் ஓரிடத்தில் ஊசியால் குத்தினார்கள். முயலுக்குச் சூடு ஏறியது. மூளையைச் சீண்டினாலே காய்ச்சல் வரும் என்பது அவ்வளவு பழைய செய்தி.

உடல்சூட்டை நிலையாக வைத்திருப்பது மூளையின் அடியிலுள்ள ஹைப்போதலாமஸ். அதை ஒட்டிய கட்டியை எடுக்கும்போது அது தடுமாறலாம். அதைவிடச் சாதாரணமான காரணம் ரத்தம். அறுவையில் கசிந்த ரத்தம் மூளையைச் சுற்றியுள்ள நீரில் கலந்து சிதையும்போது மூளை உறை அழற்சி கொள்கிறது. கழுத்து விறைக்கும், தலை வலிக்கும், காய்ச்சல் அடிக்கும். அசல் மூளைக்காய்ச்சல் போலவே இருக்கும். ஆனால் கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனையில் எதுவும் வளராது. பின்மூளைப் பகுதி அறுவைகளில் இது நரம்பியல் அறுவை நிபுணர்களுக்குப் பழகிய தலைவலி. வலிப்பு வராமலிருக்கத் தரும் ஃபெனிட்டாயினாலும் காய்ச்சல் வரலாம். நீங்கள் கேட்டு வாங்கிய ஆண்டிபயாடிக்காலும் வரலாம்!

கிருமியே வராது என்று சொல்லவில்லை. மூளைநீரை வடிக்கும் குழாய், மூத்திரக்குழாய், வென்டிலேட்டர் எல்லாமே அதற்குத் திறந்த வாசல்கள். சில நாள் கழித்துப் புதிதாக ஏறும் காய்ச்சல், தையலில் கசியும் நீர், மங்கும் நினைவு இவற்றை எந்த டாக்டரும் அலட்சியம் செய்யக் கூடாது. அதனால்தான் ரத்தம், சிறுநீர், நெஞ்சு எக்ஸ்ரே, தேவைப்பட்டால் முதுகில் ஊசி போட்டு எடுக்கும் நீர் என்று தேடுகிறார்கள். சந்தேகம் வலுத்தால் கல்ச்சர் முடிவு வருமுன்பே மருந்தைத் தொடங்குவார்கள். கிருமி இல்லை என்று தெளிந்தால் நிறுத்துவார்கள். அந்த நிறுத்தத்தைத்தான் நம்மவர்கள் "கைவிட்டுட்டாங்க" என்கிறார்கள். சொந்தக்காரர்களின் சத்தத்துக்குப் பயந்து தேவையற்ற மருந்தை நிறுத்தாமல் ஓட்டும் டாக்டர்களும் இந்தக் குற்றத்தில் பங்காளிகள்தான். தேவையின்றிப் போன ஒவ்வொரு பாட்டிலும் மருந்துக்கு மசியாத கிருமியை வளர்த்துவிட்டுப் போகிறது.

உடம்பு குளிர்ந்திருக்கிறது என்று நிம்மதியடையவும் முடியாது. மூளை வீக்கத்துக்குத் தரும் டெக்சாமெத்தசோன், உள்ளே கிருமி இருந்தாலும் காய்ச்சலை மறைத்துவிடும்.

அடுத்த முறை டாக்டர் வெளியே வரும்போது "பெரிய மருந்து போடுங்க" என்று மறிக்காதீர்கள். "கல்ச்சர்ல என்ன வந்திருக்கு டாக்டர்?" என்று கேளுங்கள்.