எங்கள் காலத்தில்

"எங்கள் காலத்தில்" என்று தொடங்கும் வாக்கியம் தமிழ்நாட்டில் எவ்வீட்டிலும், எக்கலாசாலை விழாவிலும் கேட்கக்கூடியதே. அதன்பின் வருவனவும் பெரும்பாலும் நாம் முன்னரே அறிந்தனவாம். அக்காலத்தில் ஆசிரியரைக் கண்டால் மாணாக்கர் எழுந்து நின்றனர், சோற்றிற் சுவையிருந்தது, ஆற்றில் நீரிருந்தது, இருபது பேர் ஓரடுப்பில் உண்டு மனவேற்றுமையின்றி வாழ்ந்தனர். இக்காலத்திலோ இவை யாவும் போயின. இளைஞர் குனிந்து கைபேசியை நோக்குதலன்றி வேறொன்றும் அறியார். இதுவே அவ்வாக்கியத்தின் விரிவுரை. கேட்கும் இளைஞர் புன்முறுவல் செய்து வாளாவிருப்பர். முதியோர் கூறுவது பொய்யென்று அவர் எண்ணுவதுமில்லை, மெய்யோவென்று ஆராய்வதுமில்லை. இரு தலைமுறையாரிடையே நிகழும் இவ்வுரையாடல், உரையாடலென்று அதனைக் கூறுதல் தகுமாயின், இங்ஙனம் பயனற்று முடிவதுபற்றி யாம் சில கூற விழைகிறோம்.

கழிந்ததற்கு இரங்குதல் மக்களுக்கு இயல்பு. புறநானூற்றின் 243-ஆம் பாட்டில், தொடித்தலை விழுத்தண்டினார் என்னும் புலவர், சிறுவராயிருந்தபோது மரக்கிளையேறி ஆழ்ந்த மடுவிற் குதித்து விளையாடியதனை, கோலூன்றி இருமும் முதுமைக்காலத்தில் நினைந்து வருந்துகின்றார். அப்பாட்டில் யாம் வியக்கும் செய்தி ஒன்றுண்டு. இக்காலத்துச் சிறுவர் நீரிற் குதிக்க அஞ்சுகின்றனர் என்று அவர் ஓரிடத்தும் கூறினாரல்லர். மடு அங்கேயே இருக்கின்றது, மரமும் இருக்கின்றது, தம் இளமைதான் இல்லை என்பதனை அப்பெரியார் நன்கறிவார். நம் முதியோருட் பலர் இவ்வேறுபாட்டை மறந்துவிடுகின்றனர். தம் இளமை கழிந்ததனை உலகம் கெட்டதாகக் கொள்கின்றனர். இருபது வயதில் பசித்து உண்ட சோற்றின் சுவை எழுபது வயதில் கிட்டாதது அரிசியின் குற்றமன்று.

பழியின் பொருள் மாறுகின்றதேயன்றிப் பழி மாறுவதில்லை. 1931-ஆம் ஆண்டில் 'காளிதாஸ்' என்னும் முதல் தமிழ்ப் பேசும்படம் வெளிவந்தது. அதன்பின் கொட்டகைக்குச் செல்லும் பிள்ளைகள் கெட்டொழிந்தனர் என்று தந்தையர் முறையிட்டனர். அதற்கு முந்திய தலைமுறையில் நாவல் படித்தல் குற்றம். பெண்டிர் படித்தல் பெருங்குற்றம். இன்று, பிள்ளைகள் புத்தகத்தைத் தொடுவதில்லையே என்று வருந்துவோருட் சிலர், நாவலைத் தலையணைக்கீழ் மறைத்துவைத்த பாட்டனாரின் பேரராகவே இருத்தல் கூடும்.

பண்டையோர் தமிழைக் கண்ணெனப் போற்றிக் காத்தனர் என்பதும் மேடைகளில் அடிக்கடி கேட்கும் மொழி. உ. வே. சாமிநாதையர் 1880-ஆம் ஆண்டில் கும்பகோணம் அரசினர் கலாசாலையில் தமிழாசிரியராய் அமர்ந்தார். அவ்வாண்டே அவ்வூருக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியார், ஐயர் கற்ற நூல்கள் யாவையென வினவினார். ஐயர் அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் கோவைகளையும் வரிசையாகக் கூறினார். முதலியார் அவற்றால் மகிழ்ந்தாரல்லர். சீவகசிந்தாமணி படித்ததுண்டோ என்று கேட்டார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடங்கேட்ட அம்மாணாக்கர் அந்நூலைக் கண்டதுமில்லை! பின்னர் ஐயர் ஏடு தேடி ஊரூராய் அலைந்து, அந்நூலை 1887-லும், பத்துப்பாட்டை 1889-லும், சிலப்பதிகாரத்தை 1892-லும், புறநானூற்றை 1894-லும் அச்சேற்றிய வரலாறு யாவரும் அறிந்தது. அவர் தேடிச் சென்ற காலத்தில் எத்தனையோ ஏடுகள் செல்லரித்துக் கிடந்தன. ஆற்றில் விடப்பட்டனவும் உள. ஆகவே, நாம் பழமையென்று கூறிப் பெருமிதங்கொள்வதிற் பெரும்பகுதி நம் பாட்டன் முப்பாட்டன் காலத்திற் புதிதாகக் கிடைத்த பொருளே. அச்சுப்பொறி இல்லையேல் மேற்கூறிய முதியவரின் இரங்கலும் நமக்கு எட்டியிராது. முற்காலத்தாரும் மறந்தனர், மறதி இக்காலத்தார் கண்டுபிடித்த குற்றமன்று.

இனி, கூட்டுக்குடும்பம். இதனைப் புகழ்வோர் அடுக்களையின் மணத்தைக் கூறாது விடார். அவ்வடுக்களையில் நின்றவர் யாவர்? மேற்குலத்தார் எனப்பட்டோர் வீடுகள் பலவற்றில், பெயரால் எவரும் அழையாத அத்தைப்பாட்டி ஒருவர் இருந்தார். எட்டு அல்லது ஒன்பது வயதில் மணமாகி, கணவன் முகத்தை நன்கு அறியுமுன்னே கைம்மையுற்று, தலை மழிக்கப்பெற்று, ஒற்றையாடையுடுத்து, உடன்பிறந்தான் வீட்டில் வந்து அடைந்தவர் அவர். விடியுமுன் எழுந்து நீர் இறைத்தவரும், அப்பளமும் வடகமும் இட்டவரும், காய்ச்சலுற்ற குழந்தையின் அருகிருந்து கதை சொன்னவரும் அவரே. திருமண நாளில் அவ்வளவு பேருக்கும் வேண்டும் பண்டங்களை ஆக்கியவர், மணமக்கள் எதிரே வரின் தீநிமித்தமென்று பின்கட்டிலே ஒதுங்கி நின்றார். அவர் பிசைந்து கையிலிட்ட சோற்றை நினைந்து இன்று நாவூறுவோர் பலர். அவர் தாம் ஒரு நாளில் எத்தனை வேளை உண்டார் என்று நினைவுகூர்வோரை யாம் அரிதாகவே கண்டிருக்கிறோம். அவ்வீட்டில் ஒற்றுமை இருந்தது மெய். அதன் விலையை ஒருவரே கொடுத்தார். அவரிடம் எவரும் சம்மதம் கேட்டிலர்.

குழந்தை மணத்தைத் தடுக்கும் சாரதா சட்டம் 1929-ஆம் ஆண்டில் இயற்றப்பெற்று 1930 ஏப்ரல் முதல் நாளன்று நடைமுறைக்கு வந்தது. பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18 என்பதே அது விதித்த வயது. இத்துணைச் சிறிய திருத்தத்தையும் அன்று எதிர்த்தவர் கொடியோரல்லர். முன்னோர் வழக்கம் கெடுமே என்று அஞ்சிய நல்ல குடும்பத்தலைவர்களே. பதினோராண்டில் மணமாகிச் சின்னாளிற் கைம்மையுற்ற சுப்புலட்சுமி அம்மையார், 1911-இல் சென்னை இராசதானிக் கலாசாலையிற் பயின்று பி. ஏ. பட்டம் பெற்றார், பின்னர்த் தம்மையொத்த சிறுமியரைச் சேர்த்துப் படிக்கவைத்தார். முன்னோர் வழக்கத்திற்கு அவர் அடங்கியிருந்தாராயின், அவரும் ஓரடுக்களையில் அத்தைப்பாட்டியாய் நின்று, சுவையான நினைவாக முடிந்திருப்பார்.

பள்ளியைப்பற்றிக் கூறுவதும் இவ்வகையினதே. கோதண்டமும் அண்ணாந்தாளும் என்னும் தண்டனைகளை அறிந்த திண்ணைப்பள்ளி மாணாக்கன், ஆசிரியரைக் கண்டு எழுந்து நின்றது முற்றும் அன்பினாலன்று. அத்திண்ணையில் இடம்பெறாதாரோ இடம்பெற்றோரினும் பன்மடங்கினர். 1951-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி இந்தியப் பெண்டிருள் எழுத்தறிந்தோர் 100-க்கு 9 பேரினும் குறைவு. 2011-ஆம் ஆண்டுக் கணக்கில் ஏறத்தாழ 65 பேர். தமிழ்நாட்டில் 73 பேர். பழைய குருகுலமுறையைப் புதுப்பிக்க முயன்ற தேசபக்தர்களின் சேரன்மாதேவிக் குருகுலத்திலும், இரண்டு பிராமணச் சிறுவர்க்குத் தனியே உணவளித்தமைபற்றி 1924-25-இல் நாடெங்கும் பெரும்பூசல் எழுந்தது. 1939-ஆம் ஆண்டு ஜூலை 8-ஆம் நாளன்றே, வைத்தியநாதையர் அழைத்துச் செல்ல, தாழ்த்தப்பட்டோர் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுள் நுழைந்தனர். அதற்கு முற்பட்ட திருவிழாவின் அழகை ஒருவர் வருணிப்பாராயின், அதனை எங்கே நின்று கண்டார் என்று கேட்டல் மரியாதைக்குறைவாகாது. இன்றும் தேநீர்க்கடையில் இரட்டைக் குவளை வழக்கம் அற்றதென்று துணிந்து கூறவொண்ணாத ஊர்கள் உள.

கம்பும் கேழ்வரகும் உண்டு அக்காலத்தார் தொண்ணூறாண்டு வாழ்ந்தனர் என்பதனையும் ஒரு சொல்லிற் கடந்து செல்வோம். வாழ்ந்தவரையே நாம் கண்டோம். நாடு விடுதலை பெற்ற காலத்தில் இந்தியரின் சராசரி ஆயுள் 32 ஆண்டளவு என்று கணிக்கப்பெற்றது. இன்று அது 70 அளவில் உள்ளது. பெரியம்மையில் இறந்த சிறுமியும், பேற்றுநோவில் இறந்த தாயும், 1876 முதல் 1878 வரையில் நிகழ்ந்த தாது வருடப் பஞ்சத்தில் வழியிலே வீழ்ந்த உழவனும் வந்து, தங்கள் காலம் எப்படியிருந்ததென்று சான்று கூறார்.

இவ்வளவு கூறியதனால், இழந்தது ஒன்றுமில்லையென்று யாம் சாதிப்பதாக எவரும் கொள்ளற்க. இழந்தன உள, பெரியனவும் உள. நீர்நிலைகளை மட்டும் எடுத்துக்கொள்வோம். சென்னையில் இன்று துணிக்கடைகளும் நகைக்கடைகளும் நெருங்கிய தியாகராய நகர், 1920-களில் மாம்பலத்து நெடிய ஏரியைத் தூர்த்து அமைத்த குடியிருப்பு. நுங்கம்பாக்கத்து ஏரியிருந்த இடத்தில் 1976-ஆம் ஆண்டில் வள்ளுவர் கோட்டம் எழுந்தது. 2015-ஆம் ஆண்டு டிசம்பர் மாதப் பெருவெள்ளத்தில், சென்னையைச் சூழ்ந்த தாழ்நிலங்களெல்லாம் தாம் முன்னர் யாவையாயிருந்தன என்பதனைக் காட்டின. ஆற்றில் நீரிருந்ததென்று முதியோர் கூறும்போது அவர் கூறுவது மெய்யே. ஆயின், ஏரியைத் தூர்த்தவர் இக்காலச் சிறுவரல்லர். வரைபடம் வரைந்தோரும், மனை வாங்கினோரும், விற்றோரும், ஆசிரியரைக் கண்டு எழுந்து நின்ற அத்தலைமுறையினரே. இழப்பை உரைப்போர் அஃது எவர் கையில் இழந்ததென்பதனையும் உடன் உரைப்பாராயின், கேட்கும் இளைஞர் புன்முறுவலோடு அமையார்.

ஊரார் ஒன்றுகூடிக் குளந்தோண்டிய குடிமராமத்தும் இங்ஙனமே. அது நேற்று மறைந்ததென்று பலர் எண்ணுகின்றனர். அவ்வேலைக்கு வாராதாரைக் கட்டாயப்படுத்தச் சென்னை மாகாணத்திற்கென 1858-ஆம் ஆண்டிலேயே சட்டம் செய்யவேண்டியதாயிற்று. நம் பாட்டனார் கண்ட பொற்காலத்தில் அவ்வழக்கம் முன்னரே தளர்ந்திருந்தது. தளராதிருந்த ஊர்களிலும், மண்கூடை சுமந்த தலைகள் எவருடையவை, நீர் முதலிற் பாய்ந்த வயல் எவருடையது என்னும் இரண்டு கேள்விகள் உண்டு. ஏற்றப்பாட்டு மறைந்ததுபற்றி வருந்துவோரையும் யாம் அறிவோம். அவர் ஏற்றம் மிதித்தவரல்லர். பாட்டை எழுதிவைத்தல் வேண்டும். ஒலித்தட்டிற் பதித்தல் வேண்டும். ஆயினும், மிதித்தவனுக்கு மின்விசைப்பொறி வந்தது நன்றே.

இளைஞரும் இவ்விஷயத்திற் குற்றமற்றவரல்லர். தாம் ஒருநாளும் வாழ்ந்திராத காலத்திற்கு ஏங்குதல் இப்பொழுது ஒரு நாகரிகமாயிருக்கின்றது. பளிங்குத்தரை விடுதிகளில் மண்சட்டியிற் கூழ் விற்கின்றனர். மணமக்கள் மாட்டுவண்டியில் ஒரு படமெடுத்துக்கொண்டு, குளிர்சாதன வண்டியில் வீடு செல்கின்றனர். கேலியாகக் கூறவில்லை, அவ்வேக்கத்தின் அடியில் மெய்யான தனிமை ஒன்று கிடக்கின்றதென்றே கருதுகிறோம். இருபது பேர் இருந்த வீட்டில் துன்புற்றவருக்குக் கதவில்லை. மூவர் இருக்கும் வீட்டில் துன்புறுவோருக்குக் கதவுண்டு, தட்டுவோர் இல்லை. இதற்கு மருந்து பழைய வீட்டைத் திரும்பக் கட்டுதலன்று. அத்தைப்பாட்டியின்றி அவ்வீடு நில்லாது.

ஆதலின் பழைய மாணாக்கரிடம் எமக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. இம்மலருக்கு ஆண்டுதோறும் நினைவுக்கட்டுரைகள் எழுதி உதவுகின்றீர்கள். அவற்றை விரும்பிப் படிப்போருள் யாமும் ஒருவர். இனி எழுதுங்கால், மரநிழலையும் மணியோசையையும் சிறிது சுருக்கி, வேறு சிலவற்றை எமக்குக் கூறுக. நீங்கள் கட்டிய சம்பளம் எவ்வளவு? அதனைக் கட்ட வீட்டில் எதனை விற்றனர், அல்லது அடகு வைத்தனர்? உங்கள் உடன்பிறந்தாள் எவ்வகுப்போடு நின்றாள்? உங்களோடு பள்ளியிற் படித்துக் கலாசாலைக்கு வாராது போனவர் யாவர், என்ன காரணத்தால்? விடுதியில் பந்தி எவ்வாறு அமர்ந்தது? எச்சிலிலை எடுத்தவர் பெயர் என்ன? எந்தக் கட்டடம் எந்தக் குளத்தின்மீது எழுந்தது, அன்று எவரேனும் மறுத்துரைத்தனரா? மாணாக்கர்காள், அவர்கள் எழுதத் தவறினால், விழா நாளில் அருகிற் சென்று நீங்களே கேளுங்கள். பெரியோர் பெரும்பாலும் சினங்கொள்ளார், கேட்பாரின்றியே கூறாதிருந்தவர் பலர். இவ்விடைகளால் மலரின் பக்கங்கள் பெருகுமாயின், பத்திராசிரியர் எம்மைப் பொறுத்தருள்வர் என்று நம்புகிறோம்.