ஊர்ப்பெயர் இல்லாத முகவரி

1999-இல் கார்கில் போர் நடந்துகொண்டிருந்தபோது, பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பமொன்றில் ஒரு தாய்க்குக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். மகன் ராணுவத்தில் இருந்தான். உறையில் அவன் எண்ணையும் படைப்பிரிவையும் எழுதி, '56 ஏபிஓ' என்று முடித்தேன். "அது எந்த ஊரு தம்பி?" என்றார். எனக்கு விடை தெரியவில்லை. பாடு முறைப்படி, சீட்டில் விழுந்த இடத்தில் வலை போடும் ஊர் அது. யார் இன்று எந்தப் பாட்டில் நிற்கிறார் என்பது கரையிலிருப்பவருக்கும் தெரியும். ஊரில்லாத முகவரி அவருக்கு எப்படி விளங்கும்?

அந்த ஊரின்மையே நம் அஞ்சல் துறையின் போர் ஆயத்தம் என்பதைப் பிற்பாடுதான் அறிந்தேன். 56 ஏபிஓ கடிதங்கள் டெல்லியிலும், கிழக்கு எல்லைக்கான 99 ஏபிஓ கடிதங்கள் கொல்கத்தாவிலும் சேர்கின்றன. எந்தப் படைப்பிரிவு எங்கிருக்கிறது என்பதை அறிந்து, பை கட்டிக் கள அஞ்சலகத்துக்கு அனுப்புகிறார்கள். படை இடம் மாறினாலும் முகவரி மாறாது. உறையைக் கண்ட பகைவனுக்கும் இடம் தெரியாது. 1971 போருக்கு அடுத்த ஆண்டு மார்ச் 1 அன்று ராணுவ அஞ்சல் பணி தனிப்பிரிவாயிற்று. அதே ஆண்டு ஆகஸ்ட் 15-இல் வந்த பின்கோடில் 9 என்னும் முதலெண் படைக்கு ஒதுக்கப்பட்டது. பழவேற்காட்டின் 601205 ஒரு நிலத்தைச் சுட்டும். 9-இல் தொடங்குவது படையை மட்டுமே சுட்டும்.

இப்பணியில் இருப்போரில் பெரும்பகுதியினர் நம் சாதாரண அஞ்சலகங்களிலிருந்து சென்றவர்கள். நேற்றுவரை தபால்தலை விற்றவர் நாக்பூரை அடுத்த காம்ப்டியில் பயிற்சி பெற்றுச் சீருடை அணிகிறார். ஆகவே, அஞ்சலகத்தை வரவு செலவால் மட்டும் எடைபோடுவதில் எனக்கு உடன்பாடில்லை. பாசறைக் கடிதத்தின் மறுமுனை குப்பத்தில் இருக்கிறது. அங்கே கதவெண் பார்த்துக் கடிதம் கொடுக்க இயலாது. இன்னாரின் தாய் இவர் என்று ஆளறிந்தவர் வேண்டும். பாசறைக்கு வழி வகுத்த அரசு, மனைக்கான வழியைச் செலவு என்று குறைத்தால் ஆயத்தம் பாதிதான்.

கைப்பேசி இருக்கிறதே என்பார்கள். 2023 தொடக்கத்தில் உக்ரைனின் மகீவ்காவில் தன் வீரர்கள் பலர் மாண்டதற்கு, அவர்கள் கைப்பேசி பயன்படுத்தியதையே ரஷ்யப் பாதுகாப்பு அமைச்சகம் காரணமாகச் சொன்னது. இருப்பிடத்தைக் காட்டிக்கொடுக்காத செய்தி வேண்டுமென்றால் பழைய உறையை அவ்வளவு எளிதில் கைவிட முடியாது.

அந்தக் கடிதத்துக்குப் பதில் வந்தது. நலம், இங்கே குளிர் அதிகம் என்று மட்டும் எழுதியிருந்தான். இருமுறை படிக்கச் சொல்லிக் கேட்டார். இங்கோ அனல் அடித்துக்கொண்டிருந்தது.

"குளிருதுன்னா, மலை மேலதான் இருக்கான்" என்றார்.