வாவிக்குக் கணக்குச் சொல்லுங்கள்

இறால் பண்ணைத் திட்டத்துக்கு எதிரான மட்டக்களப்பு மாவட்டத்து வாகரை மக்களின் குரலை, வளர்ச்சிக்கு எதிரான குரல் என்று ஒதுக்கிவிடக் கூடாது. இறால் பண்ணைகளால் புத்தளம் பட்ட பாடு நம் கண்முன்னே இருக்கிறது. அங்கே கண்டல்களை அழித்துக் குளங்கள் வெட்டினார்கள். ஒரு பண்ணை வெளியேற்றிய கழிவுநீரையே அடுத்த பண்ணை உறிஞ்சியது. 1996இல் வெண்புள்ளி நோய் பரவியபோது குளம் குளமாக இறால் செத்தது. எந்தப் பகுதியில் எப்போது குஞ்சு விடலாம் என்ற கால அட்டவணை அதன் பிறகே வந்தது.

வாகரைப் பகுதி வாவியில் வலை வீசுவோருக்குக் கிடைக்கும் மீனும் நண்டும் இறாலும் பெரும்பாலும் கண்டல் வேர்களுக்கிடையே வளர்பவைதான். முதலீடு வரட்டும். ஆனால் கழிவுநீரைத் தனிக் குளத்தில் தேக்கித் தெளியவைத்த பின்னரே வெளியே விட வேண்டும். நீர்ப் பரிசோதனை முடிவுகளை மாதந்தோறும் மீனவர் சங்கங்களிடம் கொடுக்க வேண்டும். இவற்றுக்கான செலவைக் கணக்கில் சேர்க்காத எந்தத் திட்டத்துக்கும் அனுமதி வழங்கக் கூடாது.